ஓரத்தில் நின்றவள்

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஹஸ்னா பானு வயிறு வலிக்கச் சிரித்தாள். இப்போது அதை நினைத்தாலே அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வருகிறது.

சிரிக்காமல் என்ன செய்வாள்? ஓடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற கருவேலங்காட்டில் நாலைந்து ஆம்பிளைகள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். மேலே போலீஸ் ட்ரோன் வந்து நிற்கிறது. ஒருவன் கட்டியிருந்த சாரத்தை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். இன்னொருவன் முள்ளுக்குள் தலையைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் முழுவதையும் வெளியே விட்டுக்கொண்டு, ஒளிந்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். பின்னணியில் சினிமா காமெடி வசனமும் விசிலும் ஓடுகின்றன. கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை, அதன் கீழே 'எங்கே ஓடினாலும் பார்த்துக்கொண்டே இருப்போம்' என்று ஒரு வரி. போலீஸ்காரர்களே எடுத்து, போலீஸ்காரர்களே பாட்டுப் போட்டு, அவர்களே தங்கள் பக்கத்தில் வெளியிட்டது. சங்கரன்கோவிலில் அன்றைக்கு அது வராத போன் கிடையாது. பூ மார்க்கெட்டில் அதே பேச்சு, டவுன் பஸ்ஸில் அதே சத்தம். ஹஸ்னா தையல் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு தரம் பார்த்தாள். குடும்ப குரூப்பில் தன் கையாலேயே தட்டிவிட்டாள். "நம்ம பாதுஷா மச்சான் ஓடுத ஓட்டத்தப் பாருங்க" என்று, சாரத்தோடு ஓடுகிற சொந்தக்காரனைக் காட்டி வாய்ஸ் மெசேஜ் வேறு.

சாயங்காலம் தங்கச்சி ரூபியா போன் பண்ணினாள்.

"லாத்தா, நீ அனுப்புன வீடியோவப் பாத்தேன்."

"சிரிச்சியா மக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள் ஹஸ்னா. ரூபியா சிரித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"ஓரத்துல ஒரு நீலத் தொட்டி வருதுல்லா? அது நம்ம தொட்டி. பக்கத்துல நிக்கது நாந்தான்."

ஹஸ்னா போனை வைத்துவிட்டு மறுபடி வீடியோவைப் போட்டாள். இந்தத் தரம் ஓடுகிறவர்களைப் பார்க்கவில்லை. ட்ரோன் பாதுஷாவை விரட்டிக்கொண்டு வீடுகளுக்கு மேலே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் உயரமான நாலு சுவர், நடுவில் நீலத் தொட்டி, அதன் பக்கத்தில் நெஞ்சுக்கு மேலே பாவாடையைக் கட்டிக்கொண்டு ஈரத் தலையை முறுக்கிப் பிழிகிற ஒரு பெண். சத்தம் கேட்டு அவள் அண்ணாந்து பார்க்கிறாள். முகம் முழுசாகத் தெரிகிறது. அவள் பார்க்கிற அந்த நேரத்தில்தான் பின்னணியில் விசில் வருகிறது.

ஹஸ்னாவுக்கு வாயெல்லாம் கசந்தது. எழுந்துபோய்ச் சாக்கடையில் துப்பிவிட்டு வந்தாள். இந்தக் கருமத்தை ஊருக்கெல்லாம் அவளே அல்லவா அனுப்பியிருக்கிறாள்?

ரூபியா இத்தாவில் இருந்தாள். அவள் புருஷன் ஆசிப் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தவன், அங்கேயே மாரடைப்பு வந்து மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டான். புருஷனை இழந்த பெண் நாலு மாதத்துக்கும் மேலே வீட்டைவிட்டு வெளியே வராமல், அந்நிய ஆம்பிளைகள் கண்ணில் படாமல் இருக்கிற இருப்புதான் இத்தா. ரூபியா அதில் ஒரு பிசகு விடாதவள். சிலிண்டர் போடுகிறவன் வந்தாலும் மாமியார் ஷம்சாத் பேகம்தான் வாசலுக்குப் போவாள். சன்னலுக்கெல்லாம் திரை போட்டாகிவிட்டது. அவளுக்கென்று மிச்சமிருந்த வெளி, புறவாசலில் இருந்த அந்தக் குளிக்கிற இடம் மட்டும்தான்.

அதற்குக் கூரை கிடையாது. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். ஆனால் சுவர் விஷயத்தில் ஆசிப் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மாடி எடுத்ததும், அடுத்த லீவில் வந்து கொத்தனாரை நிற்கவைத்து, எந்த மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாதபடி சுவரை உசத்திவிட்டுத்தான் திரும்பிப் போனான். மேலேயும் தகரம் போட்டுவிடுகிறேன் என்றவனை ரூபியாதான் தடுத்தாள். தகரம் போட்டால் தலைமுடி எங்கே காயும், வெயில் எங்கே வரும் என்றாள். "மேல இருந்து பாக்க அல்லாஹ்வத் தவிர யாரு இருக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதானே? படைத்தவன் பார்ப்பான், பார்த்துவிட்டு சும்மா இருப்பான். அதைப் படம் பிடித்து, விசில் சத்தம் சேர்த்து, ஊருக்கு அனுப்பமாட்டான்.

அன்று ராத்திரியே ஹஸ்னா தங்கச்சி வீட்டுக்குப் போனாள். ரூபியா அழவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டு சத்தம்னு நெனச்சேன் லாத்தா. அண்ணாந்து பாத்துட்டேன். பாக்காம இருந்திருக்கலாம்."

"நீ ஏம்ட்டி பாக்காம இருக்கணும்? உன் வீட்டுல நின்னு நீ மேல பாக்கக் கூடாதா?"

"அத அழிக்கச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம். அத மட்டும் அழிக்கச் சொல்லு."

மறுநாள் ஷம்சாத் பேகம் யாரையும் கேட்கவில்லை. ஆசிப் வாங்கிப்போட்டிருந்த பெரிய நீலத் தார்ப்பாயை எடுத்து, ஸ்டூல் மேல் ஏறி நின்று, குளிக்கிற இடத்துக்கு மேலே நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினாள். அறுபது வயசு மனுஷி, முட்டு வலிக்காரி. கட்டி முடித்துவிட்டு, "இனி எந்த நாயும் பாக்காது, போய்க் குளி" என்றாள். ரூபியா போகவில்லை. அறைக்குள்ளேயே துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டாள்.

ஹஸ்னா ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு கருத்தப்பாண்டி மேசையில் இருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அப்படியே சொன்னாள்.

"நீங்க போட்ட சீட்டாட்ட வீடியோவுல ஓரத்துல ஒரு வீட்டுப் பொம்பள வாரா சார். குளிக்கிற எடம். அத எடுத்துரணும்."

"எங்கன வருது? காட்டு."

"நான் காட்டமாட்டேன். இன்னும் எத்தன பேருக்குக் காட்ட?"

"காட்டாம எப்படிம்மா புரியும்?" என்று அவரே தன் போனை எடுத்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை, முதலிலேயே இருந்தது. ஓட்டினார், நிறுத்தினார், இரண்டு விரலால் விரித்தார். "இங்கனயா? இந்தத் தொட்டிகிட்டயா?" இன்னும் விரித்தார். அடுத்த மேசையிலிருந்து ஒரு இளவட்டக் கான்ஸ்டபிள் நாற்காலியோடு நகர்ந்து வந்தான். "ஏலே, இத நீ முன்னாடியே பாத்தியா?" என்று ஏட்டு அவனைக் கேட்டார்.

"இல்ல ஏட்டய்யா, இப்பதான் கவனிக்கேன்."

கவனித்தான். நன்றாகவே கவனித்தான். ஒரு ஓணான் சுவரில் இருக்கிற பூச்சியைக் கவனிக்கிற மாதிரி அசையாமல் கவனித்தான். ஹஸ்னாவுக்கு அந்தக் கழுத்தைப் பிடித்துத் திருப்பவேண்டும் போல இருந்தது. உள்ளேயிருந்து வந்த பெண் கான்ஸ்டபிள் பிரேமலதாதான் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். "போதும் ஏட்டய்யா. இன்ஸ்பெக்டர்கிட்ட அனுப்புங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டரும் பார்த்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் இருந்தது, பெரிய திரை. அதில் போட்டார். ரூபியா அந்த அறையில் ஆள் அளவுக்கு அண்ணாந்து நின்றாள். ஹஸ்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகம் அவ்வளவு தெளிவா இல்லையேம்மா."

"எங்க வீட்டு ஆளுகளுக்குத் தெரியுது சார்."

"நீங்க வந்து சொல்ற வரைக்கும் இது யாருன்னு எங்க யாருக்கும் தெரியாது. இப்ப நீங்களே வந்து தெரிய வெச்சிட்டீங்க. யோசிச்சுப் பாருங்க." அவர் குரலில் கோபமே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் புத்தி சொல்கிற மாதிரி சொன்னார். "தப்புப் பண்ணாதவங்க எதுக்குப் பயப்படணும்? சீட்டாடுறவன் பயப்படணும், திருடன் பயப்படணும். உங்க பாதுகாப்புக்குத்தான் மேல பறக்க விடுறோம்."

"குளிக்கவ யாருக்குச் சார் பயப்படணும்?"

"மூடி வெச்சுக் குளிச்சா யாருக்கும் பயப்பட வேணாம்." அந்த வீடியோவை மேலிடத்தில் பாராட்டியிருக்கிறார்கள், நினைத்தபடி எடுத்துவிட முடியாது என்றும் சொன்னார். வேண்டுமானால் புகார் எழுதிக் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் நேரில் வரவேண்டும்.

"அவ இத்தாவுல இருக்கா சார். வாசப்படி தாண்டமாட்டா." அது என்னவென்று அவள் விளக்கினாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். "சரிம்மா, அதுக்கெல்லாம் மரியாதை கொடுக்கணும். நாங்களே இடத்தை வெரிஃபை பண்ணிக்கிறோம்" என்று, ஹஸ்னாவிடமே புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தையில் ஹஸ்னா கொஞ்சம் இளகிவிட்டாள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வெளியே வரும்போது பிரேமலதா பின்னாலேயே வந்து, "எங்க குவார்ட்டர்ஸ்ல மாடியில துணி காயப் போடவே கூச்சமா இருக்கு அக்கா, டெஸ்ட் பண்ணுதேன்னு அங்கனதான் பறக்க விடுதாவ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். வெரிஃபை பண்ண இவள்தான் வருவாள் என்று ஹஸ்னா முடிவு கட்டிக்கொண்டாள். பொம்பளைப் போலீஸ் வருவா, புறவாசலைப் பார்ப்பா, எழுதிக்கொண்டு போவா, அழித்துவிடுவார்கள் என்று ரூபியாவிடம் சொன்னாள். ஷம்சாத் பேகம் விருந்தாளிக்கென்று வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ஹஸ்னா பேக்கரியிலிருந்து முறுக்கு பிஸ்கட் வாங்கி வந்தாள். போலீஸ் வருகிறது என்று டீ போட்டுக் காத்திருந்த கூமுட்டைகள் அந்தத் தெருவிலேயே இவர்கள் மூன்று பேராகத்தான் இருக்கும்.

பால் கொதித்துவரும்போது வண்டுச் சத்தம் கேட்டது.

ரூபியாவுக்குத்தான் முதலில் கேட்டது. கூரையுள்ள அறைக்குள், கதவடைத்த அறைக்குள் இருந்தவள், தலைமேல் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "லாத்தா, மேல நிக்குது" என்றாள். ஹஸ்னா அடுப்பை அணைக்காமலே செருப்பும் போடாமல் வெளியே ஓடினாள்.

தெருக்கோடியில் காலி மனையில் நின்று ட்ரோனை ஓட்டிக்கொண்டிருந்தவன் இசக்கித்துரை. பக்கத்தில் அந்த இளவட்டக் கான்ஸ்டபிள். இசக்கித்துரையை ஹஸ்னாவுக்கு நன்றாகத் தெரியும். கல்யாண வீடியோ எடுக்கிறவன். ரூபியா கல்யாணத்துக்கும் அவன்தான். பெண்கள் பக்கம் ஆம்பிளை கேமரா வரக்கூடாது என்று ஒரு தரம்தான் சொன்னார்கள். மறுபேச்சுப் பேசாமல் பெண்டாட்டியிடம் கேமராவைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, பந்தி முடிகிறவரை திரைக்கு இந்தப் பக்கம் வாழைமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

"நீயாடா தம்பி அன்னைக்கும் எடுத்தது?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "ஸ்டேஷன்ல சொந்தமா ட்ரோன் கெடையாது அக்கா, எல்லாத்துக்கும் என்னுதுதான். கூப்புட்டா போகணும். என் ட்ரோனுக்கு லைசென்ஸ் இல்லைங்கது அவியளுக்குத் தெரியும். வரமாட்டேன்னு எப்படிச் சொல்ல?"

"திரைக்கு அந்தப் பக்கம் வராதவன்லா நீ?"

"எடுக்கையில ஓடுதவனத்தான் பாத்தேன் அக்கா. சத்தியமா ஓரத்துல நின்னவியள கவனிக்கல. மெமரி கார்டோட அப்படியே கேட்டு வாங்கிட்டாவ. என்கிட்ட இருந்தத அழிச்சிட்டேன்."

"இன்னைக்கு எதுக்கு வந்த?"

கான்ஸ்டபிள் இடையில் புகுந்தான். "ஏம்மா, டிஸ்டர்ப் பண்ணாதீங்க. ஒங்க கம்ப்ளெய்ண்டுக்குத்தான் வந்திருக்கோம். மேல இருந்து அந்த எடம் தெரியுதா தெரியலையான்னு பாக்கணும்லா."

இசக்கித்துரை கையிலிருந்த சின்னத் திரையை அவள் அப்போதுதான் பார்த்தாள். தெரு முழுவதும் அதில் மல்லாந்து கிடந்தது. ஒரு கிழவர் சட்டையில்லாமல் மாடியில் கயிற்றுக் கட்டிலில் தூங்கினார். ஒரு கொடியில் யார் யாருடைய உள்பாவாடையோ காய்ந்தது. யாரோ ஒருத்தி சுவரோரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வண்டுச் சத்தம் கேட்கவில்லை போலிருக்கிறது. ரூபியா வீட்டுப் புறவாசலில் நீலத் தார்ப்பாய் மட்டும் விறைப்பாக இருந்தது. காலி மனையின் மூலையில் செருப்பில்லாமல் ஒருத்தி நிற்பதும் தெரிந்தது. தன் உச்சந்தலையை அவள் அதுவரை பார்த்ததில்லை. வகிட்டில் நரை விழுந்திருந்தது.

"எறக்குடா அத" என்றாள். இசக்கித்துரை கான்ஸ்டபிளைப் பார்த்தான். கான்ஸ்டபிள் இன்னும் ஒரு சுற்று விடச் சொன்னான். விட்டான். வீட்டுக்குத் திரும்பியபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கருகிக் கிடந்தது. ஷம்சாத் பேகம் ரூபியாவைப் பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கருத்தப்பாண்டி ஏட்டு ஒரு கட்டு காகிதத்தை அவள் பக்கம் தள்ளி, பேனாவையும் கொடுத்தார்.

"வெரிஃபை பண்ணியாச்சும்மா. எடம் மூடிக் கெடக்கு. மேல இருந்து ஒண்ணும் தெரியல. புகார்ல உண்மை இல்லைன்னு முடிச்சாச்சு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

ஹஸ்னாவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. "வீடியோ வந்த பெறகுதான் சார் மூடுனோம். அந்த வீடியோவுல மூடியா இருக்கு?"

"அது பழசு. வெரிஃபிகேஷன் அன்னைக்கு என்ன இருந்துச்சோ அதத்தான் எழுத முடியும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அந்தத் தார்ப்பாய அவுத்துப் போட்டுட்டு ஒரு போன் பண்ணு. மறுபடி ஒரு தரம் எடுத்துப் பாத்துருவோம்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். அந்த ஆள் உதவி செய்கிற நினைப்பில் சொன்னார், ரூல்படி சொன்னார், சொல்லிவிட்டுச் சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டார்.

கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடித் தாளைப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கலரில் ஒரு படம். நெஞ்சுக்கு மேலே பாவாடை, முறுக்கிய ஈரத் தலை, அண்ணாந்த முகம். முழுத் தாளுக்கும் பெரிதாக்கியிருந்தார்கள். அதற்கு அடியில் அதுபோலவே இன்னும் இரண்டு. முகத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"இது என்ன சார்?"

"ஆதாரம். புகார்னா ஆதாரம் சேக்கணும்லா. மேலிடத்துக்கு ஒரு காப்பி போகும்."

"இங்கயேவா பிரிண்ட் போட்டீங்க?"

"இங்கன மெஷின்ல கலர் வராது. எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடையில போட்டோம்."

ஜெராக்ஸ் கடை. ரேஷன் கார்டும் ஆதாரும் எடுக்க ஊரே வரிசையில் நிற்கிற கடை. அந்த மெஷினிலிருந்து ரூபியா ஒவ்வொரு தாளாக வெளியே வந்திருக்கிறாள். எத்தனை பேர் நின்றார்களோ. ஹஸ்னா மூன்று படங்களையும் கட்டிலிருந்து உருவினாள். குத்தியிருந்த ஸ்டேப்ளர் பின் பிடுங்கிக்கொண்டு தாள் கிழிந்தது.

"ஏம்மா, ஏம்மா, அது ஆவணம்."

"இது என் தங்கச்சி." மடித்துப் பைக்குள் வைத்தாள். "கேஸ் போடுங்க சார். ஸ்டேஷன்ல இருந்து என்னத்தத் திருடிட்டுப் போனான்னு எழுதணும்லா, அத முழுசா எழுதுங்க. யாரு படம், எங்க நின்னு குளிச்சா, யாரு எடுத்தா, எந்தக் கடையில பெருசாக்குனீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. நான் கோர்ட்டுல வந்து வாசிக்கேன்."

ஏட்டு இன்ஸ்பெக்டர் அறையைப் பார்த்தார். அங்கே கதவு சாத்தியிருந்தது. பிரேமலதா தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இளவட்டம் போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஹஸ்னா யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினாள். யாரும் பின்னால் வரவில்லை. அவர்களுக்கென்ன, கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே.

குளிக்கிற இடத்தில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, வெந்நீர் அடுப்பில் வைத்து மூன்றையும் எரித்தாள். கலர் மை கருகி நாறியது. புகை போக வழியில்லாமல் தார்ப்பாயில் முட்டிக்கொண்டு அங்கேயே சுற்றியது. ரூபியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை.

"அழிச்சிட்டாவளா லாத்தா?"

"கையில இருந்தத எரிச்சாச்சு மக்கா."

"வீடியோ?"

ஹஸ்னா குச்சியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ரூபியா தார்ப்பாயில் முட்டுகிற புகையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சொன்னாள், "இத்தா முடிஞ்சிட்டா வெளிய போலாம், மனசு மாறும்னு மாமி சொல்லுதாவ. எங்க போக? வெளிய பூரா வானமாத்தான இருக்கு."

ஹஸ்னா சாம்பலில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். புகை கண்ணில் பட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உடம்பெல்லாம் அந்த மை நாற்றம். நேரே குளிக்கப் போனாள். அவள் வீட்டுக் குளியலறை உள்ளுக்குள் இருக்கிறது. நாலு சுவர், இரும்புக் கதவு, தலைக்கு மேலே நல்ல கெட்டிக் காங்கிரீட். அதற்கு மேலே ஒரு மாடி, அந்த மாடிக்கும் கூரை.

கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். இன்னொரு தரம் ஊற்றினாள். சோப்பை எடுக்கக் கை நீட்டும்போதுதான் பார்த்தாள், போட்டிருந்த சேலையும் ரவிக்கையும் அப்படியே உடம்பில் ஒட்டிக்கிடந்தன. எதையும் அவிழ்க்காமலே ஊற்றியிருக்கிறாள். மேலே காங்கிரீட்டைப் பார்த்தாள். ஒரு பல்லி இருந்தது.

"சீ" என்றாள். பிறகு சேலைக்கு மேலேயே சோப்பைப் போட்டுக் குளித்து முடித்தாள்.